போன் பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது? அளப்பதும் ஆயுளை நீட்டுவதும்

இரண்டு வருடம் ஓடிய போனில் மதியத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடுகிறதா? உடனே பேட்டரியை மாற்றக் கிளம்ப வேண்டாம். பேட்டரி தேய்ந்திருக்கலாம், ஏதோ ஒரு ஆப் பின்னணியில் உறிஞ்சிக்கொண்டும் இருக்கலாம். எது என்று அளந்தால்தான் தெரியும்.

படி 1: அளப்பது

ஐபோனில் இது சுலபம். செட்டிங்ஸ், பேட்டரி, பேட்டரி ஹெல்த் பக்கத்தில் ‘மேக்சிமம் கெபாசிட்டி’ சதவீதமாகவே இருக்கும். பல ஆண்ட்ராய்டு போன்களில் அப்படிக் காட்டாது. அவற்றுக்கு அக்யூபேட்டரி என்ற ஆப் போதும், எவ்வளவு சார்ஜ் ஏறியது என்று எம்.ஏ.எச். (பேட்டரி கொள்ளளவின் அலகு) கணக்கில் காட்டும். ‘பேட்டரி டாக்டர்’, ‘பூஸ்டர்’ என்று வரும் ஆப்களைத் தொடவே தொடாதீர்கள். அவையே பின்னணியில் ஓடிச் சார்ஜைத் தின்னும்.

சார்ஜ் 20 சதவீதத்துக்கு இறங்கியதும் போனைச் செருகி, 80 தாண்டும்வரை தொடாமல் விடுங்கள். கணக்கு இதுதான்: 20-லிருந்து 80 வரை 2,460 எம்.ஏ.எச். ஏறியிருந்தால், 2,460-ஐ 0.6-ஆல் வகுக்க 4,100 வரும். பெட்டியில் 5,000 என்று போட்டிருந்தால் மிச்சம் 82 சதவீதம்.

பெரும்பாலானவர்கள் இடறுவது இங்கேதான். ஒரே ஒரு முறை அளந்து வந்த எண்ணை நம்பக் கூடாது. திரையில் தெரியும் சதவீதமே போன் போடும் ஒரு மதிப்பீடுதான், அதனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் முன்னே பின்னே வரும். பல முறை அளந்து சராசரியைப் பாருங்கள். இடையிடையே அக்யூபேட்டரியின் பதிவு அறுந்துபோனால், போனே அந்த ஆப்பை நிறுத்தியிருக்கும். அதன் பேட்டரி அமைப்பில் ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ தேர்ந்தெடுங்கள். 5,000 இருக்க வேண்டிய இடத்தில் 2,400 என்று வந்தால் பதற வேண்டாம். அதிவேக சார்ஜ் போன்கள் சிலவற்றில் இரண்டு செல்களைத் தொடராக இணைத்திருப்பார்கள், அப்போது பாதிதான் காட்டும். இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

90-க்கு மேல் வந்தால் பேட்டரியில் குறையில்லை. பேட்டரி யூசேஜ் பக்கத்தில் எந்த ஆப் அதிகம் எடுக்கிறது என்று பாருங்கள்.

படி 2: 80-இல் நிறுத்துவது

லித்தியம் அயனி பேட்டரி முழுச் சார்ஜில் 4.4 வோல்ட்டை ஒட்டி நிற்கும். மின்னழுத்தம் அந்த உயரத்தில் இருக்கும்போது உள்ளே மின்பகுபொருள் மின்முனைகளோடு வேகமாக வினைபுரிகிறது. இத்தகைய வினைகளில் லித்தியத்தின் ஒரு பகுதி மின்முனைப் படலத்தில் சிக்கிக்கொள்ளும், இழந்தது திரும்பாது. வெப்பமும் சேர்ந்துவிட்டால் தேய்மானம் பல மடங்கு வேகமாகும். ஆகவே 100 சதவீதத்தில் இரவு முழுக்கச் சூடாகக் கிடப்பதுதான் பேட்டரிக்கு மிகப் பெரிய கெடுதல்.

சாம்சங்கில் செட்டிங்ஸ், பேட்டரி, பேட்டரி புரொடெக்‌ஷன் போய் ‘மேக்சிமம்’ வையுங்கள். ஐபோன் 15 முதல் 80 சதவீத வரம்பு உண்டு. வரம்பு வைத்தும் எப்போதாவது 100-க்கு ஏறினால் அது கோளாறு அல்ல, சதவீதக் கணக்கைச் சரிபார்க்க போன் தானே அப்படிச் செய்யும். இந்த வசதியே இல்லாத போனில் அக்யூபேட்டரியின் அலாரத்தை 80-க்கு வையுங்கள். அது ஒலி மட்டும்தான் எழுப்பும், சார்ஜை நிறுத்தாது. பிளக்கை நீங்கள்தான் பிடுங்க வேண்டும்.

பூஜ்யம்வரை இறக்கிவிட்டு ஏற்றும் பழக்கம் பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரி காலத்தோடு முடிந்தது. லித்தியம் அயனி பேட்டரிக்கு அது கெடுதல். 50 சதவீதம் வீதம் இரண்டு முறை செலவழித்தாலும் ஒரே ஒரு முழுச் சார்ஜ் சுழற்சியாகத்தான் கணக்கு.

படி 3: சூட்டைக் குறைப்பது

தன் போன்களை 35 டிகிரிக்கு மேலான சூழலில் பயன்படுத்த வேண்டாம் என்கிறது ஆப்பிள். நம் ஊர் சித்திரை வெயிலில் அந்த அளவு காலையிலேயே தாண்டிவிடும். பைக் ஹேண்டிலில் மேப் ஓட்டிக்கொண்டே சார்ஜ் போடுவதுதான் மிக மோசம்: வெயில், முழு வெளிச்சத் திரை, ஜிபிஎஸ், சார்ஜிங் நான்கும் சேர்ந்து கொதிக்கும். கிளம்பும் முன்பே சார்ஜ் ஏற்றிவிடுங்கள். வேகச் சார்ஜின்போது கவரைக் கழற்றுங்கள், தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள். இரவுக்குப் பழைய 10 வாட் சார்ஜரே என் தேர்வு. சூடான போனை ஃபிரிட்ஜில் வைத்தால் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும், வேண்டாம்.

எப்போது மாற்ற வேண்டும்?

அளவு 80-க்குக் கீழே போய், 20 சதவீதம் இருக்கும்போதே கேமரா திறந்தால் போன் அணைகிறதா? உள்மின்தடை ஏறியதன் அடையாளம் அது. திடீரென்று மின்சாரம் கேட்கும்போது மின்னழுத்தம் சரிந்துவிடுகிறது. இதற்கு எந்த அமைப்பும் உதவாது, பேட்டரியைத்தான் மாற்ற வேண்டும். பின்மூடி உப்பியிருந்தால் சதவீதமெல்லாம் பார்க்காதீர்கள். சார்ஜ் போடுவதை உடனே நிறுத்துங்கள், அழுத்தவோ குத்தவோ கூடாது, குப்பைத்தொட்டியிலும் போடக் கூடாது. போனை அணைத்து, அப்படியே சர்வீஸ் சென்டரில் கொடுங்கள்.