கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்

"கியர்பாக்ஸை இறக்கிவிடலாம் சார், 60,000 ரூபாய் ஆகும்" என்றார் மெக்கானிக். அவர் ஒரு தெருகூட ஓட்டிப் பார்க்கவில்லை. என் கார் 1999 மாடல், நான்கு கியர் ஆட்டோமேட்டிக். இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது இன்ஜின் மட்டும் உறுமும், வேகம் ஏறாது; கியர் வழுக்குவது என்பது இதைத்தான். கோபத்தில் வண்டியை வீட்டுக்கே ஓட்டி வந்துவிட்டேன்.

முதலில் கியர்பாக்ஸ் ஆயில். 20 நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்துங்கள். பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா நிலைகளுக்கும் கொண்டுபோய், மீண்டும் 'பி'யில் (பார்க்கிங்) வைத்து, இன்ஜின் ஓடும்போதே கியர்பாக்ஸின் டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு பார்க்கும் குச்சியை, உருவிப் பாருங்கள். (சில கார்களில் அணைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும், கையேட்டில் இருக்கும்.) குறைந்தால் கியர் வழுக்கும். கூடினால் நுரைத்து, அப்போதும் வழுக்கும்.

ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விடுங்கள். சிவப்பாக இருந்தால் நிம்மதி. பழுப்பாகித் தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் கருகியிருக்கும்; அப்போது மெக்கானிக் சொல்வதைக் கேட்கத்தான் வேண்டும். ரோஸ்மில்க் போல இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும், இந்த ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் ஓட்டையாகித் தண்ணீர் கலந்திருக்கிறது, அதற்குமேல் ஓட்டாதீர்கள்.

என் ஆயில் சிவப்பு, அளவும் சரி. அடுத்து கேபிள்.

த்ராட்டிலிலிருந்து (ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்று வால்வு) கியர்பாக்ஸுக்கு ஒரு கேபிள் போகும். நாம் எவ்வளவு மிதிக்கிறோம் என்பது அதன் வழியாகத்தான் கியர்பாக்ஸுக்குத் தெரியும். அது தளர்ந்தால் உள்ளே ஆயில் அழுத்தம் குறைந்து, கியர் சீக்கிரமே மாறி வழுக்கும். இறுகினால் தாமதமாக, உதையோடு மாறும். இன்ஜினை அணைத்துவிட்டு ஒருவரை ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லுங்கள். கேபிளில் பதித்த சிறு குமிழுக்கும் உறையின் முனைக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். என் கையேட்டில் 0 முதல் 1 மி.மீ. வரை என்றிருந்தது, என் காரில் அந்த அளவில் இல்லை; கேபிள் தளர்ந்திருந்தது. மிதித்துக்கொண்டிருந்த மனைவி, "இதற்காகவா பத்து நாள் ஆட்டோவில் போனோம்?" என்றாள். கேபிளைச் சரியான அளவுக்கு இறுக்க இரண்டு ஸ்பேனர், கால் மணி நேரம். கியர் ஒழுங்காக மாறத் தொடங்கியது. கருகிய கிளட்ச்சை மறைக்கச் சிலர் இதே கேபிளை அளவுக்கு மேல் இறுக்கிவிடுவார்கள். பழைய கார் வாங்குகிறவர்கள் அங்கேயும் ஒரு கண் வையுங்கள்.

கேபிள் இல்லாத கார் என்றால் டாஷ்போர்டில் 'ஓ/டி ஆஃப்' (ஓவர்டிரைவ் ஆஃப்) விளக்கு சிமிட்டுகிறதா என்று பாருங்கள். சிமிட்டினால் ஸ்கேனரில் கோளாறு எண்ணைப் படித்துவிட்டு, கியர்பாக்ஸின் ஒயர் இணைப்பைக் கழற்றித் துடையுங்கள். அந்த எண்ணைக் கேட்காமல் யாரையும் ஜாக்கி போட விடாதீர்கள்.