ஒடியா பஞ்சாங்கத்தில் பண்டிகை, விரத நாட்களைக் கண்டுபிடிப்பது எப்படி?

புவனேஸ்வருக்கோ கட்டக்குக்கோ வேலை மாற்றலாகிப் போன நம்மவர்களும், ஒடியா குடும்பத்தில் சம்பந்தம் செய்தவர்களும் முதல் வருடம் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். மார்கசிர மாத வியாழக்கிழமைகளில் மாணபசா என்கிற லட்சுமி பூஜை உண்டு என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள், சரி, மார்கழியில் வருமாக்கும் என்று நாமும் தினசரிக் காலண்டரைப் புரட்டுவோம். 2025-இல் நமக்கு மார்கழி பிறந்தது டிசம்பர் 16. அவர்களுடைய மார்கசிரமோ டிசம்பர் 4 பௌர்ணமியோடு முடிந்துவிட்டது. பூஜை நடந்ததெல்லாம் நம் கணக்குக்கு ஐப்பசிக் கடைசியிலும் கார்த்திகையிலும்.

அதனால் தேதிகளை மனப்பாடம் செய்யாதீர்கள், அடுத்த வருடமே அது உதவாது. ஒரு பண்டிகையின் பெயர் காதில் விழுந்ததும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது சூரியனை வைத்து வருகிறதா, திதியை வைத்தா, கிழமையை வைத்தா? இது தெரிந்தால் மிச்சத்தை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

சூரியனை வைத்து வருபவை சுலபம். சங்கராந்தி என்று பெயரிலேயே இருக்கும், ஆங்கிலத் தேதி ஏறக்குறைய மாறாது. ஏப்ரல் 14 வாக்கில் வரும் பணா சங்கராந்திதான் அவர்களுக்கு வருடப் பிறப்பு, நம் சித்திரை முதல் நாளும் அதுதான். அன்று வில்வப்பழப் பானகம் கரைப்பார்கள், துளசி மாடத்துக்கு மேலே அடியில் சின்ன ஓட்டை போட்ட பானையைத் தொங்கவிட்டு, வெயில் மாதம் முழுக்கச் செடிமேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும்படி வைப்பார்கள். மாதப் பிறப்பில் மட்டும் ஒரு வித்தியாசம் இருக்கிறது: சூரியன் அஸ்தமனத்துக்குப் பிறகு ராசி மாறினால் நாம் மறுநாளைத்தான் முதல் தேதி என்போம், அவர்கள் அன்றைக்கே மாதத்தைத் தொடங்கிவிடுவார்கள். சில மாதங்களில் ஒரு நாள் முன்பின்னாக இருப்பது இதனால்தான்.

இந்த வகையில் பெரியது ரஜ பர்பா. மிதுன சங்கராந்தியை நடுவில் வைத்து மூன்று நாள், அதாவது ஜூன் 14, 15, 16 வாக்கில். பூமித்தாய்க்கு மாதவிலக்கு என்று கருதுகிற நாட்கள் அவை. ஏர் பூட்டக்கூடாது, மண்ணைத் தோண்டக்கூடாது, அம்மியில் அரைக்கவும் கூடாது. பெண்களுக்கு வேலையிலிருந்து விடுதலை, புதுத் துணி, ஊஞ்சல், வெற்றிலை, முன்னாடியே சுட்டு வைத்த போடா பிட்டா என்கிற பலகாரம். நான்காம் நாள் வசுமதி ஸ்நானம்: அம்மிக்கல்லைக் கழுவி மஞ்சள் பூசி, குங்குமமும் பூவும் வைத்து, அதையே பூமித்தாயாகக் கும்பிடுவார்கள். மாதவிலக்கை ஊரே கூடிக் கொண்டாடுகிற விழா என்பதால் எனக்கு இந்தப் பட்டியலிலேயே அதிகம் பிடித்தது இதுதான். அந்த மூன்று நாளில் வீட்டு வேலைக்கு ஆள் வரவில்லையென்றால் தயவுசெய்து கோபப்படாதீர்கள்.

திதியை வைத்து வருபவைதான் அதிகம், சிக்கலும் அங்கேதான். நம் மாதம் சூரிய மாதம். தெலுங்கர்களும் கன்னடர்களும் அமாவாசையில் மாதத்தை முடிக்கிறார்கள். ஒடியா முறையில் பௌர்ணமியோடு மாதம் முடிந்து, மறுநாள் தேய்பிறைப் பிரதமையில் அடுத்த மாதம் பிறக்கும், ஆக முதலில் தேய்பிறை, பிறகு வளர்பிறை. வளர்பிறைப் பண்டிகைகளில் இதனால் குழப்பம் வராது: ஆஷாட வளர்பிறை துவிதியை என்றால் எங்கும் பூரி ரத யாத்திரைதான். தேய்பிறையில் மாதப் பெயரே மாறிவிடும். மார்கசிரத் தேய்பிறை அஷ்டமியில் வரும் பிரதமாஷ்டமியைத் தெலுங்குப் பஞ்சாங்கத்தில் தேடினால் அது கார்த்திகத் தேய்பிறையில் கிடக்கும். மொபைல் ஆப்பில் பார்ப்பவர்கள் மாதக் கணக்கைப் பௌர்ணமியில் முடிகிற முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், முக்கால்வாசிக் குழப்பம் தீரும்.

பிரதமாஷ்டமி வீட்டின் மூத்த பிள்ளைக்கான நாள். தாய்மாமன் வீட்டிலிருந்து புதுத் துணி வரும், அம்மா விளக்கேற்றி ஆரத்தி எடுப்பாள். அரிசி, உளுந்து மாவை மஞ்சள் செடியின் இலையில் தடவி, தேங்காயும் வெல்லமும் கலந்த பூரணம் வைத்து மடித்து ஆவியில் வேகவைக்கும் எண்டுரி பிட்டா அன்றைக்குக் கட்டாயம். இலையைப் பிரிக்கும்போது வருகிற மஞ்சள் வாசனைக்காகவே போய் நிற்கலாம்.

நம் காரடையான் நோன்பைத் தெரிந்தவர்களுக்கு சாவித்திரி விரதம் உடனே பிடிபடும். அதே சாவித்திரி, அதே சத்தியவான். நாம் மாசி முடிந்து பங்குனி பிறக்கிற வேளையை, அதாவது சூரியனைப் பார்க்கிறோம், அவர்கள் ஜ்யேஷ்ட அமாவாசையைப் பார்க்கிறார்கள். சுமங்கலிகள் சமைத்த சாப்பாட்டைத் தவிர்த்து மாம்பழம், பலா, நுங்கு என்று அந்தப் பருவத்துப் பழங்களைப் படைத்து அதையே உண்பார்கள்.

மூன்றாவது வகை கிழமை. முதலில் சந்திர மாதத்தைக் குறித்துக்கொண்டு அதில் வரும் கிழமைகளை எண்ணினால் போதும். பாத்ரப மாத ஞாயிறுகளில் கன்னிப் பெண்கள் மங்களா தேவிக்கு இருக்கும் குதுருகுணி ஓஷா (ஓஷா என்றால் விரதம், நொய்யரிசிதான் முக்கியப் படையல், படிக்கிற கதை அண்ணிகளிடம் துன்பப்பட்ட தஅபோயியின் கதை), மார்கசிர வியாழன்களில் மாணபசா. மாணபசாவுக்கு முதல் நாளே வீட்டை மெழுகித் துடைத்து, அரிசிமாவைக் கரைத்து வாசலிலிருந்து பூஜை இடம் வரை லட்சுமியின் பாதங்களை வரைவார்கள், மாணம் என்கிற நெல் அளக்கும் படியில் புது நெல்லை நிரப்பி வைப்பார்கள், பலராம தாஸர் எழுதிய லட்சுமி புராணத்தை வாசிப்பார்கள். தாழ்த்தப்பட்ட பெண்ணின் வீட்டுக்குப் போனதற்காகக் கோவிலைவிட்டு வெளியேற்றப்பட்ட லட்சுமியிடமே ஜகந்நாதரும் பலபத்திரரும் கடைசியில் சோற்றுக்கு வந்து நிற்கிற கதை அது, கூப்பிட்டால் போய் உட்கார்ந்து கேளுங்கள்.

அதிக மாதம், அதாவது சூரியக் கணக்கோடு ஒத்துப்போகச் சந்திரக் கணக்கில் கூடுதலாகச் சேர்க்கும் மாதம், வரும் வருடத்தில் கவனம் தேவை. 2026-இல் மே 17 முதல் ஜூன் 15 வரை அதிக ஜ்யேஷ்டம். சாவித்திரி அமாவாசை மே 16-இலேயே வந்துவிடும், சாதாரணமாக அதற்குப் பதினைந்து நாள் கழித்து வரவேண்டிய ஸ்நான பூர்ணிமா, அதாவது பூரி ஜகந்நாதரின் நீராட்டுப் பௌர்ணமி, ஜூன் 29-க்குத் தள்ளிப்போகும். ரத யாத்திரை 2025-இல் ஜூன் 27, 2026-இல் ஜூலை 16. ரஜ பர்பா மட்டும் அசையாது, அது சூரியன் கணக்கு. பூரிக்கு ரயில் டிக்கெட் எடுக்கும் முன் இதைப் பாருங்கள்.

அப்புறம் சாப்பாடு. விரதம் என்றால் எல்லாம் ஒரே மாதிரி இல்லை: தண்ணீர்கூடக் குடிக்காதது நிர்ஜலா, பழம் மட்டும் உண்பது ஃபலாஹாரம், கார்த்திக மாதத்தில் பச்சரிசிச் சோறு, பாசிப்பருப்பு, நெய் என்று வெங்காயம் பூண்டில்லாமல் ஒருவேளை மட்டும் சாப்பிடுவது ஹபிஷ. அந்த மாதக் கடைசி ஐந்து நாளுக்குப் பஞ்சுக என்று பெயர், கொக்குகூட அப்போது மீனைத் தொடாது என்பார்கள். எந்த வீட்டுக்கும் மீனோ முட்டையோ கொண்டுபோகாதீர்கள். கார்த்திகப் பௌர்ணமி அதிகாலையில் குளத்திலும் ஆற்றிலும் விளக்கேற்றிய சின்னப் படகுகளை மிதக்கவிட்டு, மறுநாள், அசைவ விலக்கு முடியும் சாடகாய் அன்று மீன், கறிக் கடையில் கூட்டம் தாங்காது. ஆனால் 2025-இல் அந்த மறுநாள், நவம்பர் 6, வியாழக்கிழமை, மார்கசிரத்தின் முதல் நாளும்கூட. மாணபசா செய்கிற வீட்டில் அன்று அசைவம் ஆகாது, வெள்ளி வரை பொறுக்க வேண்டியதுதான். திதியும் கிழமையும் இப்படி மோதும் என்பதால் இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

ஏகாதசி பட்டினி இருப்பவர்களுக்கு ஒன்று: பூரியில் அன்றைக்கும் மகாபிரசாதம் உண்ணலாம், அங்கே ஏகாதசியைத் தலைகீழாகக் கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்பது ஊர்க் கதை. பிரசாதத்தைக் கையில் கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

புத்தகக் கடையில் கோஹினூர் உட்படப் பல பாஞ்சிகள் கிடைக்கும், பாஞ்சி என்றால் பஞ்சாங்கம். பூரி கஜபதி மன்னரின் ஆட்சி ஆண்டைக் குறிக்கும் அங்க வருடத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதில் 1 கிடையாது, 6-இலும் 0-விலும் முடியும் எண்களும் கிடையாது, 10 மட்டும் விதிவிலக்கு. விரதத்துக்கு அந்த எண் தேவையும் இல்லை. திதி எத்தனை மணி வரை என்பதைப் பாருங்கள்: பொதுவாகச் சூரிய உதயத்தில் இருக்கும் திதிதான் அன்றைய திதி, சிவராத்திரி, ஜென்மாஷ்டமி போன்றவற்றுக்கு இரவில் இருக்கும் திதி. இரண்டு பாஞ்சி இரண்டு நாள் சொன்னால், நீங்கள் போகப்போகிற வீட்டில் எதை வாங்குகிறார்கள் என்று கேட்டு அதையே வாங்கிவிடுங்கள்.