அலாரம் கத்தினால் நம்புங்கள்: ரேடியோதெரபி அறையில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் பயிற்சிக்கு வந்த ஒரு தம்பி, பிராக்கிதெரபி (கதிர் பொருளை உடம்புக்குள் வைத்துச் செய்யும் சிகிச்சை) அறைச் சுவரில், கதிர் இருந்தால் எச்சரிக்கும் ஜோன் மானிட்டர் கத்திக்கொண்டிருக்க, "அது எப்பவும் அப்படித்தான் சார்" என்று கதவைத் திறக்கப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதையேதான் சொன்னேன். கதவை மூடுவது, உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் முதல் வாரத்திலேயே பழகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

அலாரம் பொய் என்று முடிவு கட்டுவது

மின்சாரத்தில் கதிரை உண்டாக்கும் லினாக் இயந்திரத்தில் பழகியவர்களிடம் இதை அதிகம் பார்க்கிறேன். லினாக்கில் பீமை நிறுத்தினால் கதிர் நின்றுவிடும். கோபால்ட்-60, இரிடியம்-192 போன்ற கதிரியக்கப் பொருள்கள் அப்படியில்லை. இரவு பகலாகக் கதிரை விட்டுக்கொண்டே இருக்கும். அதைக் கவசத்துக்குள் இழுத்து வைப்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது. பிராக்கிதெரபியில் சோர்ஸ், அதாவது கதிர் விடும் சின்னத் துண்டு, ஒரு கம்பியின் முனையில் இருக்கும். கம்பி அறுந்து அது வெளியே தங்கிவிட்டால்? கம்பி திரும்பி வந்த கணக்கை வைத்து, வெளியே இருந்து இயக்கும் கன்சோல் பச்சை காட்டலாம். அறையில் கதிர் இருக்கிறதா என்பது மானிட்டருக்குத்தான் தெரியும்.

1992 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இதுதான் நடந்தது. மானிட்டர் எச்சரித்தது, கன்சோலை நம்பியவர்கள் மானிட்டர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தார்கள். கையில் எடுத்துப்போய்க் கதிரை அளக்கும் சர்வே மீட்டரை யாரும் எடுக்கவில்லை. இரிடியம் உடம்புக்குள்ளேயே இருக்க, நோயாளியை முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஐந்தாம் நாள் இறந்துபோனார்.

மதுரையில் நான் முதலில் வேலை பார்த்த இடத்தில், மானிட்டர் ஒரு வாரமாகவே காரணமில்லாமல் கத்திக்கொண்டிருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் சிகிச்சை முடிந்ததும் மீட்டர் இல்லாமல் உள்ளே போய், நோயாளி பக்கத்தில் நின்று குழாய்களைக் கழற்றினேன். மானிட்டர் அப்போதும் கத்தியது. வெளியே வந்ததும், கதிர் அளவுகளைக் கவனிக்கும் பிசிசிஸ்ட் கேட்ட ஒரே கேள்வி: "சோர்ஸ் கவசத்துக்குள்ளே போயிடுச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்னிடம் பதில் இல்லை.

புதிய 10 கியூரி இரிடியம், கவசமில்லாமல் ஒரு மீட்டர் தூரத்தில் மணிக்கு ஏறக்குறைய 40 மில்லிசீவெர்ட் தரும். ஊழியருக்கு ஆண்டுச் சராசரி வரம்பே 20தான். அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நோயாளிக்கோ சோர்ஸ் மீட்டர் தூரத்தில் இல்லை, உடம்புக்குள் இருக்கிறது.

அன்று மானிட்டர்தான் பழுது, சோர்ஸ் பத்திரமாக இருந்தது. ஆனால் கதவைத் திறந்தபோது எனக்கு அது தெரியாது. நான் வாங்கிய கதிரைக் கணக்கு வைக்கும் என் பேட்ஜை அவசரமாக அனுப்பி, முடிவு வரும்வரை சரியாகத் தூங்கவில்லை. மானிட்டர் சரியாகும்வரை சிகிச்சையும் நின்றது. உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் விடியக்காலையில் பஸ் ஏறி வந்தவர்களைத் திருப்பி அனுப்பினோம். மானிட்டர் கத்தத் தொடங்கிய முதல் நாளே ஆர்.எஸ்.ஓ.விடம் (கதிர் பாதுகாப்பு அதிகாரி) சொல்லியிருந்தால் மாற்று மானிட்டருக்கு ஏற்பாடு செய்திருப்பார். அந்த அம்மாக்கள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பிப் போனது இன்றும் உறுத்துகிறது.

பேட்ஜ் காப்பாற்றும் என்று நினைப்பது

நாம் அணியும் டி.எல்.டி. பேட்ஜ், நாம் வாங்கிய கதிரைக் கணக்கு மட்டும்தான் வைக்கும், எச்சரிக்காது. மூன்று மாதம் அணிந்து அனுப்பிய பிறகே கணக்கு வரும். கோட்டோடு சிகிச்சை அறையில் தொங்கவிட்டால் நீங்கள் வாங்காத கதிர் உங்கள் பெயரில் ஏறி, விசாரணை வரும். மதுரை வெயிலில் பைக் பெட்டிக்குள் போட்டு வைப்பதும் வேண்டாம்.

கண்ட்ரோல் பேட்ஜைக் கன்சோல் மேசையில் வைப்பது

கண்ட்ரோல் பேட்ஜ் என்பது யாரும் அணியாமல் ஒப்பிடுவதற்காக வைத்திருக்கும் பேட்ஜ். இது பலருக்குத் தெரிவதில்லை. மற்ற பேட்ஜ்களின் அளவிலிருந்து இதன் அளவைத்தான் கழிப்பார்கள். இது கதிர் வாங்கினால் எல்லார் கணக்கும் குறைந்து வரும். கதிர் இல்லாத அறையில் வையுங்கள்.

பேட்ஜை இரவல் கொடுப்பது

கூடாது.

சர்வே மீட்டரை உள்ளே போய் ஆன் செய்வது

பேட்டரியைக் காலையிலேயே பாருங்கள். கதவுக்கு வெளியே ஆன் செய்து, முள்ளைப் பார்த்துக்கொண்டே நடங்கள். நோயாளியை மேசையிலிருந்து இறக்கும் முன் அவர் உடம்பருகிலும் மீட்டரை ஒருமுறை காட்டுங்கள்.