கையால் ஓட்டினால் ஓடுகிறது, சர்வீஸாகப் போட்டால் ஏன் விழுகிறது?

லினக்ஸ் டெர்மினலில் ஒழுங்காக ஓடும் நிரல், சிஸ்டம்டி (பின்னணிச் சேவைகளைத் தொடங்கிக் கவனித்துக்கொள்ளும் லினக்ஸ் நிரல்) சர்வீஸாக மாற்றியதும் படுத்துவிடுகிறது. பெரும்பாலும் நிரலில் கோளாறு இருக்காது. நீங்கள் உள்நுழையும்போது பாத் (நிரல்களைத் தேடும் அடைவுகளின் பட்டியல்), நடப்பு அடைவு, பாஷ்ஆர்சி கோப்பில் போட்டுவைத்த மாறிகள் என்று எல்லாவற்றையும் ஷெல் (நீங்கள் தட்டும் கட்டளைகளை இயக்கும் நிரல்) சத்தமில்லாமல் தயார் செய்துவிடுகிறது. சிஸ்டம்டி அந்த ஷெல்லின் பக்கமே போவதில்லை. நிரலுக்கு வேண்டியதை யூனிட் கோப்பில் (சர்வீஸை எப்படி ஓட்டுவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் கோப்பு) நாம்தான் எழுத வேண்டும்.

/எட்சி/சிஸ்டம்டி/சிஸ்டம் அடைவில் அனுப்பி.சர்வீஸ் என்று ஒரு கோப்பு வைப்போம். (பெயர்களும் கட்டளைகளும் இங்கே ஒலிப்பின்படி உள்ளன. தட்டும்போது ஆங்கில எழுத்தில், பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடு பார்த்துத் தட்டுங்கள்.)

[யூனிட்]
டிஸ்கிரிப்ஷன்=மின்னஞ்சல் அனுப்பி
வான்ட்ஸ்=நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்
ஆஃப்டர்=நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்

[சர்வீஸ்]
யூசர்=அனுப்பி
ஒர்க்கிங்டைரக்டரி=/ஆப்ட்/அனுப்பி
என்விரான்மென்ட்=பைத்தான்அன்பஃபர்ட்=1
எக்ஸெக்ஸ்டார்ட்=/யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3 /ஆப்ட்/அனுப்பி/மெயின்.பிஒய்
ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர்
ரீஸ்டார்ட்செக்=3

[இன்ஸ்டால்]
வான்டட்பை=மல்டி-யூசர்.டார்கெட்

சேமித்ததும் சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட். இதை விட்டுவிட்டால் பழைய அமைப்பிலேயே ஓடிக்கொண்டிருக்கும். பிறகு சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ் அனுப்பி. வெறும் எனேபிள் மட்டும் கொடுத்தால் அடுத்த பூட்டில் கிளம்புவதற்கான இணைப்பை உண்டாக்குமே தவிர, சர்வீஸை இப்போது கிளப்பாது. வெறும் ஸ்டார்ட் கொடுத்தால் இப்போது ஓடும், ரீபூட்டுக்குப் பின் தானாகக் கிளம்பாது.

எக்ஸெக்ஸ்டார்ட் வரியில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். அது ஷெல் கட்டளை இல்லை. குழாய்க்குறி, > திசைமாற்றம், &&, ~ எதுவும் அங்கே வேலை செய்யாது. அவை கட்டாயம் வேண்டுமென்றால் /பின்/எஸ்எச் -சி போட்டு, கட்டளையை மேற்கோளுக்குள் கொடுங்கள். அதைவிட ஒரு சிறிய ஸ்கிரிப்டில் எழுதி அதை அழைப்பது சுத்தம். வரியின் கடைசியில் # போட்டுக் குறிப்பு எழுதாதீர்கள். வரியின் தொடக்கத்தில் வந்தால்தான் அது குறிப்பு. நடுவில் வந்தால் மதிப்போடு ஒட்டிக்கொள்ளும்.

விழுந்துவிட்டால் முதலில் சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் அனுப்பி, அடுத்து ஜர்னல்சிடிஎல் -யு அனுப்பி -பி (சர்வீஸின் லாகைக் காட்டும்). அங்கே வரும் எண்ணே பாதி விடை:

203/எக்ஸெக்: நிரலை இயக்கவே முடியவில்லை. பாதை தவறு, இயக்க அனுமதி இல்லை, அல்லது ஸ்கிரிப்டின் முதல் வரியில் சொன்ன இன்டர்ப்ரெட்டர் இல்லை. விண்டோஸில் எழுதிக் கொண்டுவந்த ஸ்கிரிப்ட் என்றால் வரி முடிவில் ஒளிந்திருக்கும் கேரேஜ் ரிட்டர்ன் என்ற கண்ணுக்குத் தெரியாத எழுத்தைச் சந்தேகியுங்கள்.
217/யூசர்: அந்தப் பெயரில் பயனர் கணக்கு இல்லை.
200/சிடிஐஆர்: ஒர்க்கிங்டைரக்டரி இல்லை, அல்லது அந்தப் பயனரால் உள்ளே நுழைய முடியவில்லை.

ஒர்க்கிங்டைரக்டரி வரியே போடாவிட்டால் நடப்பு அடைவு / ஆகிவிடும். வெறும் பெயர் சொல்லிக் கோப்பைத் திறக்கும் நிரல்கள் "கோப்பு இல்லை" என்று புலம்புவது இதனால்தான். பைத்தான் நிரல் ஓடியும் லாகில் ஒன்றுமே வரவில்லையென்றால், வெளியீடு பஃபரில் (தற்காலிக நினைவகத்தில்) தேங்கி நிற்கிறது. மேலே பைத்தான்அன்பஃபர்ட் வந்தது அதற்காக.

[சர்வீஸ்] பகுதியில் டைப்= வரி சொல்லாவிட்டால் அது சிம்பிள்: தொடங்கிய பிராசஸ்தான் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) சர்வீஸ். அது தானாகப் பின்னணிக்குப் போய்த் தாய் பிராசஸை முடித்துக்கொண்டால், வேலை முடிந்தது என்று சிஸ்டம்டி எண்ணி, மிச்சமிருக்கும் பிள்ளை பிராசஸ்களையும் கொன்றுவிடும். மறுபக்கம், பின்னணிக்குப் போகாத நிரலுக்கு டைப்=ஃபோர்க்கிங் (தானாகப் பின்னணிக்குப் போகும் நிரலுக்கானது) என்று எழுதினால் ஸ்டார்ட் கட்டளை திரும்பாமல் நிற்கும். இயல்பு அமைப்பில் 90 நொடி கழித்து டைம்அவுட். நிரலில் 'முன்னணியில் ஓடு' என்று ஒரு தேர்வு இருந்தால் அதைக் கொடுத்துச் சிம்பிளாகவே வைத்துக்கொள்ளுங்கள். தலைவலி குறையும்.

ஆஃப்டர் என்பது வரிசை மட்டும். எதையும் இழுத்து வராது. வான்ட்ஸ் இழுத்து வரும், வரிசை பார்க்காது. அதனால்தான் இரண்டும். நெட்வொர்க்.டார்கெட் என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஐபி முகவரி வந்துவிட்டது என்று அது உறுதி சொல்லாது.

மீண்டும் கிளப்புவதில் ஒரு கணக்கு இருக்கிறது. இயல்பாக 10 நொடிக்குள் 5 முறைக்கு மேல் தொடங்கப் பார்த்தால் சிஸ்டம்டி கைவிட்டுவிடும். ரீஸ்டார்ட்செக்கின் (விழுந்தபின் மீண்டும் கிளப்புமுன் காத்திருக்கும் நேரம்) இயல்பு மதிப்பு 100 மில்லிநொடி. ஆகவே உடனுக்குடன் விழும் நிரல் ஒரு நொடிக்குள்ளேயே வரம்பைத் தொட்டுவிடும். டேட்டாபேஸ் எழுந்திருக்கச் சற்று நேரம் பிடித்தாலே உங்கள் சர்வீஸ் நிரந்தரமாகப் படுத்திருக்கும். 3 நொடி வைத்தால் 10 நொடிக்குள் நான்கு தொடக்கம்தான், வரம்பு எட்டாது. முடிவில்லாமல் முயன்றுகொண்டே இருக்கும். அது பிடிக்கவில்லையென்றால் அந்த 10 நொடியை 60 ஆக்க [யூனிட்] பகுதியில் ஸ்டார்ட்லிமிட்இன்டர்வல்செக்=60 சேருங்கள். கைவிடப்பட்டதைச் சரிசெய்த பின் சிஸ்டம்சிடிஎல் ரீசெட்-ஃபெயில்ட் அனுப்பி கொடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யலாம்.

பொதியோடு வந்த சர்வீஸ்களின் மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள், அடுத்த அப்டேட்டில் உங்கள் மாற்றம் அழிந்துபோகும். சிஸ்டம்சிடிஎல் எடிட் கொடுத்தால் ஓவர்ரைடு.கான்ஃப் என்று தனிக் கோப்பு திறக்கும். மாற்ற வேண்டிய வரியை மட்டும் அங்கே எழுதுங்கள். எக்ஸெக்ஸ்டார்ட்டை மாற்றும்போது மட்டும் முதலில் 'எக்ஸெக்ஸ்டார்ட்=' என்று வெறுமையாக ஒரு வரி, அதன்கீழ் புதிய வரி. வெறும் வரி இல்லாவிட்டால் பழையதோடு புதியதும் சேர்ந்து இரண்டாகி, சிஸ்டம்டி யூனிட்டை ஏற்க மறுக்கும். எல்லாம் கூடி எப்படி நிற்கிறது என்பதைச் சிஸ்டம்சிடிஎல் கேட் காட்டும்.