கேமரா தன்னால திரும்பிய கதை

தக்கலை பக்கம் ஒரு சின்ன தனியார் காட்சிக்கூடம். குத்துவிளக்கு, ஓலைச்சுவடி, திருவிதாங்கூர் காசு என்று நாலு அறை. "மக்களே, ராத்திரி கேமரா தன்னால திரும்புது" என்று காவலாளி அண்ணாச்சி சொன்னபோது, காற்றாக இருக்கும் என்று சிரித்தேன்.

கேமரா காட்சிகளைப் பதிவு செய்யும் பெட்டியான டிவிஆரைத் திறந்தால் யூசர் நேம் அட்மின், பாஸ்வேர்டு 12345. மாட்டிவிட்டுப் போனவர் மாற்றவே இல்லை. ரூட்டரில் யூபிஎன்பி (கருவிகள் கேட்டால் தானே இணைய வாசலைத் திறந்துவிடும் வசதி) ஓடிக்கொண்டிருந்ததால், டிவிஆரின் 8000ஆம் போர்ட் என்ற வாசல் உலகத்துக்கே திறந்து கிடந்தது. 2016இல் மிராய் என்ற தீநிரல் இப்படிப்பட்ட கேமராக்களைத்தான் லட்சக்கணக்கில் பிடித்தது. அது தற்காலிக நினைவகத்தில் மட்டும் தங்கும். அணைத்துப் போட்டால் போய்விடும். ஆனால் பழைய பாஸ்வேர்டே இருந்தால் சில நிமிடங்களில் திரும்பி வந்துவிடும்.

அதனால் இணைய வயரைப் பிடுங்கிய பிறகே ரீசெட் செய்தேன். நீளமான புதுப் பாஸ்வேர்டு, பென் டிரைவில் கொண்டுபோன புது ஃபர்ம்வேர் (கருவியை இயக்கும் மென்பொருள்), யூபிஎன்பி ஆஃப். கடைசியாகத்தான் வயரைச் செருகினேன். டிக்கெட் கம்ப்யூட்டரும் பார்வையாளர் வைஃபையும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தன (இதுதான் எனக்கு அதிகப் பயம்). அதையும் பிரித்துவிட்டேன்.

கேமரா இப்போது அசைவதில்லை. அண்ணாச்சிக்குத்தான் குறை: "முதலாளிக்க மவன் துபாயில இருந்து பாக்க முடியலையாம்." வெளியே இருந்து பாதுகாப்பாக உள்ளே வர ஒரு தனிவழியாக விபிஎன் போட்டுக் கொடுத்தேன்.