கைக்குழந்தையோடு நெடுந்தூர விமானப் பயணம்: முதல்முறை போகிறவர்களுக்கு

பத்து மணி நேர விமானம், மடியில் குழந்தை என்றாலே பலருக்கு வயிற்றைக் கலக்கும். பாதி வேலையைப் பயணத்துக்கு முன்பே முடித்துவிடலாம்.

1. டிக்கெட்
பெரும்பாலான விமான நிறுவனங்களில் 2 வயது நிரம்பாத குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போகலாம். அதற்கும் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் தேவை. திரும்பும் தேதிக்குள் 2 வயது முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் வரும்போது தனி இருக்கை வாங்க வேண்டும்.

2. தொட்டில்
குழந்தை தூங்க விமானத்தில் மாட்டித் தரும் தொட்டில் வேண்டுமென்றால், டிக்கெட் எடுத்த கையோடு விமான நிறுவனத்துக்குப் போன் செய்து கேட்டுவிடுங்கள். எதிரே தடுப்புச் சுவர் உள்ள வரிசையில் மட்டுமே மாட்டுவார்கள், எண்ணிக்கையும் குறைவு. எடை வரம்பையும் விசாரியுங்கள். சீட் பெல்ட் விளக்கு எரிந்தால், தூங்குகிற குழந்தையையும் தூக்கி மடியில் வைக்க வேண்டியிருக்கும். இன்னொன்று, அந்த வரிசையில் காலடியில் பை வைக்க முடியாது. விமானம் மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் பை தலைக்கு மேலுள்ள பெட்டிக்குப் போய்விடும். பால் புட்டியை முன்கூட்டியே எடுத்துக் கையில் வையுங்கள்.

3. பை
மணிக்கு ஒரு டயப்பர், தாமதத்துக்கு இன்னும் சில. ஒரு டயப்பர், ஈரத்துடைப்பான், விரிப்பு, ஒரு பிளாஸ்டிக் கவர் நான்கையும் சின்னப் பையில் தனியாகப் போடுங்கள். கழிப்பறையில் பெரிய பைக்கு இடமே இருக்காது. குழந்தைக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் ஒரு மாற்றுச் சட்டை வேண்டும். கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவப் புட்டி கூடாது என்ற கட்டுப்பாட்டிலிருந்து குழந்தையின் பாலுக்குப் பொதுவாக விலக்கு உண்டு. சோதனையில் நீங்களே எடுத்துக் காட்டிவிடுங்கள்.

4. காது
இதுதான் முக்கியம். விமானம் இறங்கும்போது கேபினுக்குள் காற்றழுத்தம் கூடும். தொண்டையையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் குழந்தைகளுக்குக் குறுகலானது, சட்டென்று திறக்காது. செவிப்பறை உள்ளிழுக்கப்பட்டு வலிக்கும். விழுங்கும்போது அந்தக் குழாய் திறக்கும். அதனால் தாய்ப்பாலோ புட்டியோ கொடுங்கள், சற்று வளர்ந்த குழந்தைக்கு உறிஞ்சிக் குடிக்கத் தண்ணீர். தரையைத் தொடும்வரை காத்திருக்காதீர்கள். சுமார் அரை மணி நேரம் முன்பே விமானம் இறங்கத் தொடங்கிவிடும். அப்போது பசி இருக்கும்படி முந்தைய பாலைத் திட்டமிடுங்கள். தூங்கினால் மெல்ல எழுப்பிக் கொடுப்பது நல்லது. சளியோ காது வலியோ இருந்தால் கிளம்பும் முன் மருத்துவரைப் பாருங்கள்.

5. நடுவில்
நடக்கிற குழந்தையை அவ்வப்போது இடைவழியில் நடக்க விடுங்கள். பொம்மைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுங்கள். தூங்க வைக்க மருந்து மட்டும் நீங்களாகக் கொடுக்கவே வேண்டாம். சில குழந்தைகள் அதனால் இன்னும் துடிப்பாகிவிடும், மூச்சுக்கும் ஆபத்து.

6. இறங்கிய பிறகு
தள்ளுவண்டியை விமான வாசலில் தருவார்களா, பெட்டிகளோடு வருமா என்று ஒப்படைக்கும்போதே கேளுங்கள். பெட்டிகளோடுதான் என்றால், அதுவரை குழந்தையைச் சுமக்க உடம்போடு கட்டிக்கொள்ளும் பை ஒன்று வேண்டும்.