பழைய ஆங்கில நாவலை மொழிபெயர்க்கும்போது சறுக்கும் இடங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவல்களைத் தமிழில் கொண்டுவருகிறவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். பதிப்புரிமைத் தொல்லை இல்லை, கதையும் பலருக்குத் தெரிந்த கதை. அந்தப் பிரதிகளை எடிட் செய்வது என் வேலை. ஒரு பிரதியை முடித்து அடுத்ததைப் பிரித்தால் அதே தவறுகள், ஆரம்பத்தில் நானும் செய்த தவறுகள்தான். எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை எல்லாம் இங்கே வேண்டாம், அவற்றை யாரும் பிடித்துவிடுவார்கள். அகராதியைப் பார்த்து, சரிதான் என்று நம்பி எழுதிவிடும் தவறுகள் இருக்கின்றனவே, அவற்றைத்தான் சொல்கிறேன்.

கார்ன்

மக்காச்சோளம் அல்ல. பிரிட்டனில் கோதுமை, பார்லி, ஓட்ஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து அதுதான் பெயர். வெளிநாட்டுத் தானியம் மலிவாக உள்ளே வராமல் 1815 முதல் 1846 வரை தடுத்துவைத்திருந்த சட்டங்களைத் ‘தானியச் சட்டங்கள்’ என்று எழுதுங்கள். ஏழை வீட்டு ரொட்டி விலையில் கைவைத்த சட்டம் அது, சோளக்கொல்லைத் தகராறு இல்லை.

பணம்

இதைப் பற்றி எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு ஆற்றாமை தீரவில்லை. தயவுசெய்து பவுண்டை இன்றைய ரூபாய்க்கு மாற்றாதீர்கள்.

‘ஜேன் அயர்’ நாவலில் ஜேனுக்கு ஆசிரியைச் சம்பளம், சாப்பாடும் தங்குமிடமும் போக, ஆண்டுக்கு 30 பவுண்டு. ஒரு பிரதியில் இதை இன்றைய மாற்று விலைப்படி பெருக்கி, மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய் என்று அடிக்குறிப்புப் போட்டிருந்தார் ஒருவர். படிக்கிறவர் என்ன நினைப்பார்? வருஷம் முழுக்க உழைத்து இவ்வளவுதானா, கொத்தடிமை போலிருக்கிறதே என்றுதான். இன்னொருவர் அதையே ‘முப்பது பவுன்’ என்று எழுதியிருந்தார். நம் ஊரில் பவுன் என்றால் எட்டு கிராம் தங்கம், முப்பது பவுன் என்றதும் கல்யாண நகைதான் கண்ணில் நிற்கும். அந்தப் பெயர் வந்தது பிரிட்டனின் சவரன் நாணயத்திலிருந்துதான், அது ஏறக்குறைய எட்டு கிராம் எடையுள்ள ஒரு பவுண்டுக் காசு என்பதும் உண்மைதான். ஆனால் இன்றைய தங்க விலையை வைத்து அன்றைய சம்பளத்தை அளந்தால் ஏழை ஆசிரியை சீமாட்டி ஆகிவிடுகிறாள். ஒரே தொகை, ஒரு பிரதியில் பிச்சைக்காசு, இன்னொன்றில் பெருஞ்செல்வம்.

அளவுகோல் அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது. முன்பு லோவுட் பள்ளியில் ஜேன் வாங்கியது 15 பவுண்டு, ஆக 30 என்பது அவளுக்கு இரட்டிப்பு. பிற்பாடு சித்தப்பா சொத்து 20,000 பவுண்டு அவள் ஒருத்திக்கே வந்ததும், அத்தை பிள்ளைகள் மூவரையும் சேர்த்து நால்வராகப் பிரித்து ஆளுக்கு ஐயாயிரம் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த எண்களை மாற்றாமல் அப்படியே விட்டால், அவள் எதை விட்டுக்கொடுத்தாள் என்பது வாசகருக்குத் தானே புரியும். டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ நாவலிலும் அப்படித்தான். குமாஸ்தா பாப் கிராச்சிட்டுக்கு வாரம் 15 ஷில்லிங். 1843-இல் அந்தப் புத்தகம் விற்ற விலையே 5 ஷில்லிங். அந்த ஏழையின் கதையை வாங்க அவனுடைய வாரக்கூலியில் மூன்றில் ஒரு பங்கு! இந்த ஒரு ஒப்பீடு தருவதைப் பத்து அடிக்குறிப்பு தராது.

இன்னொன்று, ஆண்டு வருமானத்தையும் மொத்தச் சொத்தையும் குழப்பாதீர்கள். ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலின் பிங்லிக்கு அப்பா விட்டுப்போனது ஒரு லட்சம் பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு, ஊரில் பேசிக்கொள்வதோ ஆண்டுக்கு நாலைந்தாயிரம். வட்டி நாலைந்து சதவீதம் என்று வைத்தால் கணக்கு உட்காருகிறது. அதே நாவலில் அவனைவிடப் பணக்காரனான டார்சியின் பத்தாயிரமும் வருஷ வருமானம்தான். ‘டார்சியின் சொத்து பத்தாயிரம்’ என்று எழுதினால், அவன் பிங்லியைவிடப் பரம ஏழை ஆகிவிடுவான், கதையே தலைகீழ்.

1 பவுண்டு 20 ஷில்லிங், 1 ஷில்லிங் 12 பென்ஸ். இந்தக் கணக்கு 1971 பிப்ரவரி வரை நடந்தது. கினி என்பது 21 ஷில்லிங். 1814-க்குப் பிறகு கினி நாணயம் அடிக்கவில்லை, ஆனாலும் மருத்துவர், வழக்கறிஞர் கட்டணமும் குதிரை, ஓவிய விலையும் கினியில்தான் பேசப்பட்டன, அதில் ஒரு கௌரவம். அதைப் ‘பவுண்டு’ ஆக்கினால் கௌரவமும் சேர்ந்து போய்விடும். இவ்வளவையும் நூலின் முன்னால் ஒரே பக்கத்தில் போட்டுவிட்டால் போதும். ரூபாய் அடிக்குறிப்புகளோடு வந்த ஒரு நாவலை எனக்குத் தெரியும். மறுபதிப்பு வருவதற்குள் மாற்று விலை ஏறிப்போய், அத்தனை குறிப்பையும் பிடுங்கிப் புத்தகம் முழுவதையும் திரும்ப லேஅவுட் செய்தார்கள். அந்தச் செலவில் வேறொரு சின்ன நாவலையே போட்டிருக்கலாம்.

லிவிங்

பாதிரியாருக்கு ‘நல்ல வாழ்க்கை கிடைத்தது’ என்று எழுதுகிறார்கள். கிடைத்தது வருமானத்தோடு கூடிய தேவாலயப் பதவி. பல ஊர்களில் அதை யாருக்குக் கொடுப்பது என்ற உரிமை அந்த ஊர்ப் பண்ணையாரிடம் இருந்தது. பாதிரியார்கள் ஏன் பெரிய வீடுகளில் அவ்வளவு குழைந்து நிற்கிறார்கள் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

பப்ளிக் ஸ்கூல்

அரசுப் பள்ளி அல்ல. ஈட்டன், ஹாரோ மாதிரி வசதியானவர் பிள்ளைகள் கட்டணம் கட்டிப் படித்த இடம்.

மேக்கிங் லவ்

இன்றைய பொருளில் உடலுறவு அல்ல, காதல் மொழி பேசுவது. அவ்வளவுதான்.

வொர்க்ஹவுஸ்

இதைத் ‘தொழிற்கூடம்’ என்று எழுதியதைப் பார்த்து எனக்கு மனசு கசந்துபோனது. 1834-இன் ஏழைகள் சட்டத்துக்குப் பிறகு, கதியற்றவர்கள் உதவி கேட்டால் போகச் சொன்ன இடம் அது. புருஷன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறு பக்கம் என்று பிரித்துவிடுவார்கள். வேலை, கல் உடைப்பதும் பழைய கயிற்றை நார் நாராகப் பிரிப்பதும். செத்தாலும் அங்கே போகமாட்டேன் என்று ஒரு கிழவி சொன்னால், வேலை செய்யச் சோம்பல் என்று தமிழ் வாசகர் நினைத்துவிடக் கூடாது. ‘அனாதை விடுதி’யும் பொருந்தாது. நான் ‘ஏழைகள் கொட்டடி’ என்று போடுகிறேன், இதைவிட நல்ல சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்வேன்.

கடிதம்

1840-க்கு முன் நடக்கும் கதையில் அஞ்சல்தலை கிடையாது. கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது, பெரும்பாலும் வாங்குகிறவர்தான் கட்டுவார். உறை போட்டால் அதுவும் ஒரு தாள் கணக்கு, அதனால் கடிதத்தையே மடித்து அரக்கு வைத்தார்கள். இடம் போதாவிட்டால் தாளைக் குறுக்கே திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே எழுதினார்கள். ‘குறுக்கெழுத்துக் கடிதம்’ என்று ஒரு பிரதியில் பார்த்தேன், மொழிபெயர்த்தவர் புதிர்ப்போட்டி என்றே நினைத்துவிட்டாராம்! கடிதம் வந்ததும் ஒருத்தி காசு தேடினால், தபால்காரருக்கு இனாம் கொடுக்கிறாள் என்று எழுதிவிடாதீர்கள், அவள் கொடுப்பது கட்டணம்.